எட்டாம் மாடி வெந்நீர்

அந்த வெந்நீரில் ஒருவரும் குளிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் நல்லது. இல்லாவிட்டால், அரசாங்கம் ஏழைகளுக்குச் சூரிய சக்தி கொண்டுவந்த கதை என்று யாராவது கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். ஆறு மாதத்தில் தொட்டி ஒழுகியது. இரண்டு வருஷத்தில் கண்ணாடியெல்லாம் பாசி பிடித்தது. பினாங்கில் காலை ஏழு மணிக்கே சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும். இந்த ஊரில் மலிவு விலை ஃப்ளாட்டில் இருப்பவனுக்கு முதல் தேவை வெந்நீர் என்று கோலாலம்பூரில் ஏர்கான் அறையில் உட்கார்ந்து ஒருவர் முடிவு செய்தார். அவருக்குக் குளிர்ந்திருக்கும்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. எனக்கு அப்போது முப்பது வயது. வீட்டு வசதி பார்க்கிற ஓர் அரசாங்க அலுவலகத்தில் டைப்பிஸ்ட். எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. தாத்தா ரயில்வேயில் கிராணி, அதாவது குமாஸ்தா. அப்பா துறைமுகத்தில் கிராணி. மூன்று தலைமுறையாக மற்றவர்கள் சொன்னதைப் பிழையில்லாமல் எழுதிக் கொடுத்தே சோறு தின்ற வம்சம். வீட்டில் அதைப் பெருமையாகவே சொல்வார்கள். அப்பா போன பிறகு கெலுகோரில் ஒரு வாடகை வீட்டில் அம்மாவும் நானும் இருந்தோம். தினமும் பஸ் ஏறிப் போய், கார்பன் தாள் செருகி, மூன்று பிரதி அடித்துவிட்டு சாயங்காலம் திரும்பி வருவேன்.

என் அதிகாரியிடம் பச்சை மைப் பேனா ஒன்று இருந்தது. எந்தப் புகார் வந்தாலும் அதன் ஓரத்தில் ‘கவனத்தில் கொள்ளப்பட்டது’ என்று மலாயில் எழுதுவார். அதோடு அந்தப் புகாரின் ஆயுள் முடிந்தது. நகரத்து ஓரத்தில் இருந்த ஓர் எட்டு மாடிக் கட்டடத்திலிருந்து வரும் கடிதங்களுக்கு மட்டும் தனிக் கோப்பு வைத்திருந்தோம். லிஃப்ட் ஓடவில்லை. படிக்கட்டில் விளக்கு இல்லை. பம்புக்குப் பலமில்லை, ஆறாம் மாடிக்கு மேலே விடிகாலையில் மட்டும்தான் தண்ணீர் நூலாக வடிகிறது. மூன்று வருஷத்துக் கடிதங்கள், எல்லாவற்றிலும் பச்சை மை. துளை போட்டுக் கோப்பில் மாட்டுவது என் வேலை.

அந்தக் கட்டடத்துக்குத்தான் வெந்நீர்த் திட்டம் வந்தது. மொட்டை மாடியில் கண்ணாடிப் பெட்டிகள் வைப்பார்கள். பெட்டிக்குள் கறுப்புக் குழாய்கள். வெயிலில் தண்ணீர் சூடாகி ஒரு தொட்டியில் சேரும். அங்கிருந்து எட்டாம் மாடி வீடுகளுக்கு இறங்கும். அது சரியாக நடந்தால் மற்ற மாடிகளுக்கும் உண்டு. திட்டத்தின் வேலைத் தாளை நான்தான் அடித்தேன். ‘குறைந்த வருமானம் பெறுவோரின் வாழ்க்கைத் தரம்’ என்பதைப் பக்கத்துக்குப் பக்கம் அடித்து எனக்கு விரல் வலித்தது. பம்பு என்ற சொல் ஓரிடத்திலும் வரவில்லை. பச்சைத் தண்ணீரே ஏறாத மாடியில் வெந்நீருக்கு எங்கே போவது என்று அதிகாரியிடம் கேட்டேன். அதை என்ஜினியர் பார்த்துக்கொள்வார், நீ எழுத்துப் பிழை வராமல் பார்த்துக்கொள் என்றார். கூரை ஏறிக் கோழி பிடிக்க மாட்டாதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்டுவானாம். நான் அடுத்த தாளைச் செருகினேன்.

அந்தக் கட்டடத்தில் பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். அலுவலகத்தில் தமிழ் பேசத் தெரிந்தவள் நான் ஒருத்தி. அதனால் மக்களின் தேவையை அறிந்து வர என்னை அனுப்பினார்கள். கையில் ஒரு கேள்விப் பாரம் கொடுத்தார்கள். ‘வெந்நீர் தேவையா?’ என்பது முதல் கேள்வி. பதிலுக்கு ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள்.

“யாருக்குங்க? எங்க வீட்ல இப்ப யாரும் புள்ள பெக்கலயே” என்றாள் ஏழாம் மாடியில் ஒருத்தி.

“மொதல்ல தண்ணிய ஏத்துங்க மிஸ். சூடு நாங்க பண்ணிக்கிறோம்” என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

இதை எழுதப் பாரத்தில் கட்டம் இல்லை. என்ன செய்வதென்று படிக்கட்டில் நின்றபோது குடியிருப்பாளர் சங்கத் தலைவர் வந்து சேர்ந்தார். அவர் வீடு முதல் மாடியில். லிஃப்ட் ஓடாவிட்டாலும் அவருக்கு ஒன்றுமில்லை, குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டும். சட்டைப் பையில் மூன்று பேனா செருகியிருப்பார். ஒன்றில்கூட அவர் எழுதி நான் பார்த்ததில்லை.

“எல்லாத்துக்கும் யெஸ் போடுங்க மிஸ். வேணாம்னு சொல்லிட்டா அப்புறம் கவர்மெண்டு நமக்கு ஒண்ணுமே குடுக்காது லா” என்றார்.

எல்லாவற்றுக்கும் ஆம் போட்டேன். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், மழைக்கு முன்னால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது.

மொட்டை மாடிக்கு அன்றைக்குத்தான் முதல் தடவை ஏறினேன். படிக்கட்டுக் கதவைத் தள்ளியதும் காரம் மூக்கில் ஏறித் தும்மல் வந்தது. அரிசிச் சாக்குகளைப் பிரித்துத் தைத்த பெரிய விரிப்புகள். ஒன்றில் மிளகாய், ஒன்றில் கொத்துமல்லி, ஒன்றில் வேகவைத்த மஞ்சள். நடுவில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அக்கா முக்காடு போட்டுக்கொண்டு மிளகாயைக் காலால் புரட்டிக்கொண்டிருந்தார். எட்டாம் மாடியில் தனியாக இருப்பவர். புருஷன் இல்லை, மகள் கல்யாணமாகிச் சுங்கைப்பட்டாணிக்குப் போய்விட்டாள். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கம் இரண்டு நாசி கண்டார் சோற்றுக் கடைகளுக்கும் ஒரு மளிகைக் கடைக்கும் மசாலாத் தூள் கொடுப்பது அவர் தொழில். தைப்பூசம் வந்தால் தண்ணீர்மலை முருகன் கோவிலில் சோறு போடுகிற ஒரு பந்தலுக்கும் சாம்பார்ப் பொடி இவரிடமிருந்துதான் போகும். காய வைப்பது மாடியில், அரைப்பது பாசார் பக்கத்து மில்லில். கீழே காய வைக்க இடம் கிடையாது. கீழே கார் நிற்கும், கோழி மேயும், பையன்கள் பந்து அடிப்பார்கள். இந்த மாடி இருந்தால் அவருக்குப் பிழைப்பு உண்டு. இல்லையென்றால் இல்லை.

வெந்நீர்த் திட்டத்தை நான் விளக்கினேன். பாரத்தில் இருந்ததை அப்படியே தமிழில் சொன்னேன்.

“வெயில புடிச்சு வைக்கப் போறாங்களா?” என்று கேட்டார். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டார். “நல்லதுதான் தங்கச்சி. ஆனா எந்தப் பக்கம் வைப்பாங்க?”

எனக்குத் தெரியாது என்றேன்.

என்ஜினியர் கோலாலம்பூரிலிருந்து வந்தார். வெளிநாட்டில் படித்தவர் என்று அதிகாரி அவர் பின்னாலேயே நடந்தார். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக மூன்று நாள் மாடியில் ஒரு கருவியை இங்கேயும் அங்கேயும் வைத்து வெயிலை அளந்தார். மூன்றாம் நாள் முடிவைச் சொன்னார். வெயில் நன்றாக விழுகிற இடம் அந்த அக்கா மிளகாய் காய வைத்திருந்த இடம். இதை அவரிடமே கேட்டிருந்தால் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கிற நேரத்தில் சொல்லியிருப்பார். எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் நிழல் வரும், எந்த மாதத்தில் எந்த மூலை ஈரம் வாங்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

“அந்தப் பக்கம் கடைசிப் பெட்டிய வைக்க வேணாம்னு சொல்லுங்க தங்கச்சி. நாலு மணிக்கு மேல தண்ணித் தொட்டி நெழல் அதுமேல விழுந்துரும்” என்றார் என்னிடம்.

நான் மலாயில் சொன்னேன். என்ஜினியர் என்னைப் பார்த்தார், மிளகாயைப் பார்த்தார், பிறகு தும்மினார். பெட்டியை அங்கேதான் வைத்தார்கள். நாலு மணிக்கு மேல் நிழல் விழுந்தது.

மாடியில் முக்கால் பங்கு போய்விட்டது. விரிப்புகளைச் சுருட்டிக் கிழக்கு மூலையில் போட்டுக்கொண்டு அக்கா அங்கே காய வைத்தார். ஒரு நாளில் காய வேண்டியது மூன்று நாள் ஆனது. அந்த மூலையாவது நிற்குமா என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே பயம். என்னைப் பார்க்கும்போதெல்லாம் அதைத்தான் கேட்பார். நானும் ஒவ்வொரு தடவையும் தெரியாது என்றுதான் சொல்வேன்.

திறப்பு விழாவுக்கு டத்தோ பட்டம் வாங்கிய ஒரு பெரிய மனிதர் வருவதாக ஏற்பாடு. டத்தோவால் எட்டு மாடி ஏற முடியுமா? லிஃப்டைச் சரி செய்யலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை. மாடியிலிருந்து கீழே பூப்பந்துத் திடல் வரைக்கும் சுவரோரமாக ஒரு தனிக் குழாய் இறக்கினார்கள். அதன் நுனியில் தங்க நிறத்தில் ஒரு டேப், அதில் சிவப்பு ரிப்பன். எட்டாம் மாடி வீடுகளுக்கு அன்று வரைக்கும் குழாய் இழுக்கவில்லை. டத்தோவின் கைக்கு மட்டும் இழுத்திருந்தார்கள். எட்டு மாடியில் அத்தனை ஜனம் இருந்தும் அந்த வெந்நீர் முதலில் தேடி இறங்கியது அவரைத்தான்.

விழாவுக்கு முன்னால் மூன்று நாள் விடாமல் மழை. பினாங்கில் அந்த மாதம் மழை பெய்யும் என்பது மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். விழா நாள் காலையில் மழை நின்றது, ஆனால் வானம் சாம்பலாகவே இருந்தது. எட்டு மணிக்கு என்ஜினியர் தொட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தார். கையை வெளியே எடுத்துப் பேண்டில் துடைத்துக்கொண்டார். அதிகாரியும் விட்டுப் பார்த்தார். பிறகு என்னையும் விடச் சொன்னார், என் கைக்கு ஏதோ சூடு தெரியும் என்பதுபோல. பச்சைத் தண்ணீர்.

டத்தோ வர இன்னும் மூன்று மணி நேரம். அதிகாரியின் முகம் வெளுத்துவிட்டது. மாடிப் படிக்கட்டின் கூரைக்குக் கீழே அக்கா மஞ்சள் வேகவைக்கிற பெரிய அடுப்பும் இரண்டு அண்டாக்களும் இருந்தன. அதிகாரியின் கண் அங்கே போய் நின்றது. வெயிலுக்கு வராத மூளை மழைக்கு வந்தது. நீ போய்ப் பேசு என்று என்னிடம் சொன்னார்.

நான் எட்டாம் மாடிக்கு இறங்கிக் கதவைத் தட்டினேன். வந்த விஷயத்தைச் சொன்னேன். சொல்லும்போதே எனக்குக் கூசியது. அக்கா சிரிக்கவில்லை.

“வெயில் சுட வைக்கற தண்ணிய நான் சுட வைக்கணும்.”

“ஆமாக்கா.”

“சுட வைக்கறேன். அந்த மூலைய எனக்கு விட்டுருவாங்களா?”

என்னால் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. நான் யார்? டைப்பிஸ்ட். ஆனால் மேலே அதிகாரி மூன்று நிமிஷத்துக்கு ஒரு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“விட்டுருவாங்கக்கா. நான் பேசிக்கிறேன். லெட்டராவே வாங்கித் தரேன்” என்றேன்.

அந்த வாக்கைக் கொடுக்க எனக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அக்கா வேறு ஒன்றும் கேட்கவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு படி ஏறினார்.

அண்டா இரண்டு, தொட்டியோ பெரிது. அதனால் என்ஜினியர் தொட்டித் தண்ணீரில் முக்கால்வாசியைத் திறந்துவிட்டார். அது மாடித் தளத்தில் ஓடிச் சுவர் வழியாகக் கொட்டியது. ஏழாம் மாடிப் பெண்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து கம்பி வழியாகக் கையை நீட்டிப் பிடித்தார்கள். மூன்று வருஷத்தில் அந்த மாடிக்குப் பட்டப்பகலில் கிடைத்த அதிகத் தண்ணீர் அதுதான். என்ஜினியருக்கு அது கண்ணில் படவில்லை. அவர் தொட்டிக்குள் வெப்பமானியைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்.

ஓர் அண்டாவில் மிச்சத் தொட்டித் தண்ணீரை மொண்டு அக்கா கொதிக்க வைத்தார். வேலையாட்கள் இரண்டு பேர் துணியால் பிடித்துத் தூக்கிப் போய்த் தொட்டியில் ஊற்றினார்கள். மறுபடியும் ஏற்றினார். மறுபடியும் ஊற்றினார்கள். பதினொன்று ஆகக் கால் மணி இருக்கும்போது வெப்பமானி பாதியில் நின்றது. கீழே மோட்டார் சைக்கிள் போலீஸின் ஹாரன் கேட்டது. இன்னும் ஓர் அண்டா வேண்டும் என்றார் என்ஜினியர். அடுப்பில் வைத்தது இன்னும் ஆவியே விடவில்லை. பக்கத்தில் தணல் மேல் இருந்த இரண்டாவது அண்டாவில் ஆவி பறந்துகொண்டிருந்தது.

“அது மஞ்ச அவிச்ச தண்ணி தங்கச்சி. மழையில அழுகிருமேன்னு விடிகாலையில வேகப் போட்டேன். அத ஊத்தாதீங்க” என்றார் அக்கா.

வேலையாட்கள் என்னைப் பார்த்தார்கள். அதிகாரி கீழே ஓடிவிட்டார். என்ஜினியருக்குத் தமிழ் தெரியாது.

மஞ்சள் கிழங்கை எடுத்துவிட்டால் மிச்சம் வெந்நீர்தானே, தொட்டித் தண்ணீரில் கலந்தால் தெரியவா போகிறது? இப்படித்தான் நினைத்தேன். வாரத்துக்கு ஐந்து நாள் மஞ்சள் தூள் போட்ட குழம்பு தின்று வளர்ந்தவள், ஒரு சிட்டிகை என்ன செய்யும் என்று தெரிந்தவள் நினைத்தது இது. அந்த என்ஜினியரை இவ்வளவு நேரம் திட்டினேனே, அவனாவது வெளிநாட்டில் படித்தவன்.

“ஊத்துங்க” என்றேன்.

நான் கீழே இறங்கி வந்தபோது டத்தோ பேசிக்கொண்டிருந்தார். வானத்தைக் காட்டி, இறைவன் நமக்கு இலவசமாகத் தந்திருக்கிற சூரியன் என்றார். அவர் காட்டிய இடத்தில் மேகம் இருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். ரிப்பனை வெட்டி டேப்பைத் திறந்தார். முதலில் குழாயில் கிடந்த பச்சைத் தண்ணீர் வந்தது. அவர் புன்னகையை அப்படியே பிடித்து வைத்துக்கொண்டு கையை நீட்டியபடி நின்றார். பிறகு வெதுவெதுப்பு. பிறகு சூடு.

“பானாஸ்” என்றார் சந்தோஷமாக. சுடுகிறதாம். மறுபடியும் கை தட்டல். இரண்டு உள்ளங்கைகளையும் குவித்து ஏந்தி புகைப்படக்காரனுக்குக் காட்டினார். அந்தக் குவிந்த கைக்குள் மஞ்சள் இறங்கியது. வெள்ளைச் சட்டையின் முன்கை வரைக்கும் நனைந்து மஞ்சளாகியது.

கை தட்டல் நின்றது. அதிகாரி என்னைத் தேடினார். நான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன்.

சங்கத் தலைவர் அப்போது முன்னால் வந்தார். சொல்லித்தான் ஆக வேண்டும், அந்த மனிதருக்கு ஒரு திறமை இருந்தது. குனிந்து கும்பிட்டு, டத்தோ, இது எங்கள் இந்தியர் வழக்கம், நல்ல காரியம் தொடங்கும்போது பெரியவர்களுக்கு மஞ்சள் தண்ணீர்தான் கொடுப்போம், உங்களுக்காகச் சிறப்பாக ஏற்பாடு செய்தோம் என்று மலாயில் அடித்துவிட்டார். டத்தோ முகம் மலர்ந்தது. மஞ்சள் அரசர்களின் நிறமாயிற்றே என்றார். இரண்டு கையாலும் அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார். அதைப் பார்த்து அதிகாரி தெளித்துக்கொண்டார். அதிகாரியைப் பார்த்து என்ஜினியரும் தெளித்துக்கொண்டார்.

“டத்தோ வயசுக்கு வந்துட்டாரு டி” என்றாள் எனக்குப் பின்னால் ஒருத்தி. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். நானும்தான் சிரித்தேன். அண்ணாந்து பார்த்தபோது எட்டாவது மாடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அக்கா நின்றிருந்தார். அவர் சிரிக்கிறாரா என்று அந்த உயரத்தில் தெரியவில்லை. என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

பத்திரிகையில் படம் வந்தது. பல இனங்களின் ஒற்றுமை என்று கீழே போட்டிருந்தார்கள். அதிகாரிக்கு மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது. அந்தக் கடிதத்தில் மட்டும் பச்சை மையால் எழுதவில்லை, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார். ஒரு வாரம் அவர் சந்தோஷமாக இருந்தார். அக்காவின் மூலையைப் பற்றிப் பேச அதுதான் நல்ல நேரம். நாளைக்குப் பேசலாம், நாளைக்குப் பேசலாம் என்று நான் தள்ளிக்கொண்டே போனேன்.

பிறகு என்ஜினியரின் அறிக்கை வந்தது. கண்ணாடிகள் மேல் மிளகாய்த் தூசி படிந்திருக்கிறது, தொட்டியின் உள்பக்கம் மஞ்சள் கறை இருக்கிறது, கருவிகளின் நன்மைக்காக மாடியை மூட வேண்டும். அதிகாரி என்னைக் கூப்பிட்டு, உட்காரச் சொல்லி, எட்டாம் மாடி அக்காவுக்கு ஒரு கடிதம் சொல்ல ஆரம்பித்தார். மாடியில் உள்ள பொருட்களை ஏழு நாளில் அகற்ற வேண்டும். அதன்பின் கதவு பூட்டப்படும். மீறினால் வீட்டுக்கான அனுமதியே ரத்தாகும்.

என் பென்சில் நின்றது.

“அந்த அம்மாதான் அன்றைக்குத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தார்” என்றேன்.

“எந்த அம்மா?” என்றார் அதிகாரி. குரலை உயர்த்தவில்லை. “அன்றைக்குத் தண்ணீரைச் சூடாக்கியது சூரியன். கோப்பில் அப்படித்தானே இருக்கிறது? விழா அறிக்கையை நீதானே அடித்தாய்?”

ஆமாம், நான்தான் அடித்தேன். சூரியன்தான் சூடாக்கியது என்றால் அக்கா எதையும் காய்ச்சவில்லை. காய்ச்சாதவருக்கு யாரும் வாக்குக் கொடுத்திருக்க முடியாது. எவ்வளவு சுலபமாகப் பொருந்திவிட்டது! அந்த மனிதரை எனக்கு எப்போதும் பிடிக்காது. ஆனால் அன்று அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. கோப்பில் அப்படித்தான் இருந்தது. நான் ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்து சொல்லியிருக்கலாம். யாரைக் கேட்டுக் கொடுத்தாய் என்று கத்தியிருப்பார். வேலையை விட்டுத் தூக்கியிருக்கமாட்டார். கத்தியிருப்பார், அவ்வளவுதான். அதற்குப் பயந்துகொண்டு நான் மேஜைக்கு வந்து மூன்று பிரதி அடித்தேன். ஓர் எழுத்துப் பிழை இல்லை.

பியூன் கடிதத்தைக் கொண்டுபோனான். நான் முன்னாலேயே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு பஸ்தான். போகவில்லை.

இரண்டாம் நாள் காலையில் அக்கா அலுவலகத்துக்கு வந்தார். நல்ல சேலை கட்டி, நெற்றியில் திருநீறு பூசியிருந்தார். எட்டு மாடி இறங்கி, இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். கவுண்டருக்கு வெளியே நின்று என்னைப் பார்த்ததும் முகம் விரிந்தது. ஒரு கையில் அந்தக் கடிதம், இன்னொரு கையில் செய்தித்தாளில் சுற்றி நூல் கட்டிய ஒரு பொட்டலம்.

“லெட்டர் வந்துருச்சு தங்கச்சி. சொன்ன மாதிரியே வாங்கிக் குடுத்துட்டீங்க” என்றார். “மலாய்ல இருக்கு. தலைவர்கிட்ட காட்டல. அவரு நாந்தான் வாங்கிக் குடுத்தேன்னு சொல்லிக்குவாரு. நீங்களே படிச்சுச் சொல்லுங்க. எந்த மூலைன்னு போட்டிருக்கு?”

பொட்டலத்தைக் கவுண்டர் மேல் வைத்து என் பக்கம் தள்ளினார். மசாலாத் தூள் வாசனை.

“மழைக்கு நடுவுல காய வெச்சது. கொஞ்சந்தான் தேறுச்சு. மொதப் பொட்டலம் உங்களுக்குத்தான்னு கொண்டாந்தேன். அடுத்த வாரத்துல தண்ணீர்மலைப் பந்தலுக்கு வேல தொடங்கணும்.”

கடிதத்தை வாங்கினேன். நான் அடித்ததை நானே படித்தேன். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். ஏழு நாள் என்று சொன்னேன். பூட்டு என்று சொன்னேன். அனுமதி ரத்து என்பதையும் சொன்னேன். பின்னால் யாரோ டெலிபோனில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கா கேட்டு முடித்தார். கடிதத்தைத் திரும்ப வாங்கி, படிக்கத் தெரியாவிட்டாலும் மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தார்.

“இத யாரு அடிச்சது?”

“நான்தான்கா.”

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் இன்றைக்கு இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேனோ என்னவோ. கடிதத்தை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். பொட்டலத்தைப் பார்த்தார். எடுத்துக்கொள்ளட்டும் என்று நான் மனசுக்குள் கும்பிட்டேன்.

“வெச்சுக்குங்க” என்றார். “இனிமே கெடைக்காது.”

பொட்டலத்தைக் கைப்பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். குப்பையில் போடக் கை வரவில்லை, மேஜையில் விட்டால் மற்றவர்கள் கேட்பார்கள். அம்மா அந்தத் தூளைப் போட்டு அன்று நண்டுக் கறி வைத்தாள். யாழ்ப்பாணத்தார் கறித்தூளைத் தவிர வேறு தூளை மதிக்காத அம்மா. எங்கள் தெருவில் இந்தியாக்காரர் வீட்டுக் குழம்பைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னவள் இல்லை. அன்று இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டாள்.

“நல்ல வாசம். எங்க வாங்கினனீ?” என்று கேட்டாள். “இன்னும் ரெண்டு பைக்கற்று வாங்கிக்கொண்டு வா.”

“கடையை மூடிட்டாங்கம்மா” என்றேன்.

“ஏனாம்?”

தெரியாது என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்து தின்றேன். கறி உறைப்பாக, மிக நன்றாக இருந்தது.